கொட்டலசு ஒட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கப்பலின் அடிப்பாகத்தைத் துலக்கும் ரோபோக்கள்

இயந்திர அறைவாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளர். தானியம், தாது, நிலக்கரி என்று மொத்தமாக ஏற்றிச் செல்லும் வகைக் கப்பல். சென்ற பயணத்தில் நடந்த ஒன்று என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வெப்பமண்டலத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே இருபத்தாறு நாள் நங்கூரமிட்டுக் கிடந்தோம். சரக்கு இறக்க எங்கள் முறை வரவில்லை. கடல்நீரின் வெப்பம் முப்பது டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பதினெட்டாம் நாள் படகில் இறங்கிக் கப்பலின் நீர்மட்டக் கோட்டை ஒட்டிப் போனபோது கையை நீட்டித் தடவிப் பார்த்தேன். முதலில் வழவழவென்று பச்சைச் சளி. அதை விரலால் வழித்துத் தள்ளினால், அடியில் உப்புத்தாளைத் தொட்டதுபோன்ற சொரசொரப்பு. கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் கீறினேன், பெயரவில்லை. கொட்டலசுக் குஞ்சுகள். கல்போன்ற ஓடு கட்டிக்கொண்டு கப்பலடியில் ஒட்டி வாழும் சிறு கடலுயிர் (பார்னக்கிள்) அது.

நங்கூரம் தூக்கிப் புறப்பட்ட அன்றே கணக்கு தெரிந்துவிட்டது. இயந்திரம் அதே சுற்றில் ஓடுகிறது, கடல் அமைதியாக இருக்கிறது, ஆனால் கப்பல் மணிக்கு ஒரு கடல்மைலுக்கும் மேல் வேகம் குறைந்து போகிறது. எல்லாச் சிலிண்டர்களிலும் புகை வெப்பநிலை ஏறி நிற்கிறது. நண்பகல் அறிக்கையில் எரிபொருள் எண்ணை எழுதும்போது தலைமைப் பொறியாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த துறைமுகத்தில் முக்குளிப்பவர்களை அழைத்துச் சுரண்டினார்கள். வேகம் ஓரளவு திரும்பியது. இரண்டே மாதத்தில் முன்பைவிட மோசமாக ஒட்டிவிட்டது. இப்போது அலுவலகத்தில் ரோபோ சேவை எடுக்கலாமா என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு முழுவதும் ‘ஆளா, எந்திரமா’ என்பதைச் சுற்றியே நடக்கிறது. எனக்கோ கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று தோன்றுகிறது. கல்லாக இறுகிய பிறகு சுரண்டுவதா, சளியாக இருக்கும்போதே துடைப்பதா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் நினைப்பது சரியா?

---

கப்பல் கட்டுமான மாணவி

அண்ணா, இதைத்தான் இந்தப் பருவத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகப் போகும் பருத்த கப்பல்களுக்கு, அதாவது எண்ணெய்க் கப்பல், உங்களுடையதைப் போன்ற சரக்குக் கப்பல் ஆகியவற்றுக்கு, மொத்த எதிர்ப்பில் 70 முதல் 90 சதவீதம் வரை நீர் உரசுவதால் மட்டுமே வருகிறது. வேகமாகப் போகும் கப்பல்களில் அலை எழுப்புவதில் பெரும்பங்கு சக்தி போய்விடும். உங்கள் கப்பலுக்கு அப்படி இல்லை. தோல் சொரசொரப்பானால் எல்லாமே கெட்டது.

ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1870களிலேயே தொட்டியில் பலகைகளை இழுத்து, மேற்பரப்பு எவ்வளவு கரடாக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை கூடும் என்று அளந்து காட்டிவிட்டார். அவருக்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1761இல், பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் மரத்தடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. பாசியும் மரப்புழுவும் நெருங்கவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப் போயின. அன்று தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எண் வேண்டுமென்றால், சர்வதேசக் கடல்சார் அமைப்பும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய குளோஃபவுலிங் திட்டத்தின் ஆய்வைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சளிப்படலம் கப்பலடியில் பாதிப் பரப்பை மூடினாலே, கப்பலின் வகையையும் வேகத்தையும் பொறுத்து, பசுங்குடில் வாயு வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்கிறது. சளிக்கே இந்தக் கதி. நடுத்தர நீளமுள்ள ஒரு கொள்கலக் கப்பலில் சிறிய கொட்டலசுகளும் குழல்புழுக்களும் அங்கங்கே ஒட்டினால் 55 சதவீதம் வரை போகலாமாம்.

---

இயந்திர அறைவாசி

நன்றி தங்கையே. இதை என் மொழியில் மாற்றிச் சொல்கிறேன். ஒரு கப்பல் நாளுக்கு 30 டன் கனரக எண்ணெய் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் கூடுதல் என்றால் நாளுக்கு 3 டன். ஒரு டன் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 3.1 டன் கரியமில வாயு. ஆக, அடியில் ஒட்டிய சளிக்காக மட்டும் நாள்தோறும் ஒன்பது டன்னுக்கு மேல் புகைபோக்கி வழியே போகிறது. ஒரு கப்பலுக்கு, ஒரே நாளில்!

உலகக் கப்பல் போக்குவரத்து 2018இல் மனிதச் செயல்களால் வெளியேறிய பசுங்குடில் வாயுவில் 2.89 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வு கணக்கிட்டது. அம்மோனியா, மெத்தனால், பாய்மரம் என்று எல்லோரும் எதிர்கால எரிபொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும், வேண்டியதுதான். ஆனால் இன்று கடலில் ஓடும் கப்பலில், இன்றைய எண்ணெயில், நாளைக்கே குறைக்கக்கூடிய ஒன்று அடியில் ஒட்டிக் கிடக்கிறது.

---

பழைய முக்குளிப்பாளர்

தம்பி, பத்தொன்பது ஆண்டு கப்பலடியில் வேலை செய்தவன் நான். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் கரையேறினேன். ரோபோ வந்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று எங்கள் ஆட்களே சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

துறைமுகத் தண்ணீரில் பல நேரம் நீட்டிய கையே தெரியாது. தலைக்கு மேலே கப்பலின் தட்டையான அடி. அது ஒரு மைதானம் அளவுக்கு விரிந்து கிடக்கும். எந்தப் பக்கம் போனால் வெளிச்சம் என்று தெரியாமல், கையில் இருக்கும் கயிறு ஒன்றை நம்பித்தான் வேலை. மூன்று பிரஷ் சுழலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவோம். அது கொட்டலசுத் திட்டின்மேல் ஏறினால் துள்ளும், மணிக்கட்டு விட்டுப்போகும். பிரஷ் போகாத மூலைகளில் கைச்சுரண்டிதான். கொட்டலசின் ஓரம் பிளேடு மாதிரி. கையுறையைக் கிழித்து உள்ளே போகும். கடல்நீரில் ஊறிய கையில் வெட்டு விழுந்தால் லேசில் ஆறாது.

அதைவிடப் பயங்கரமானது உறிஞ்சல். கடல்நீரை உள்ளே இழுக்கும் சீ செஸ்டின் கம்பிவலை அருகே வேலை செய்யும்போது உள்ளே யாராவது பம்பை ஓட்டிவிட்டால் ஆள் வலையோடு ஒட்டிக்கொள்வான். பிய்த்து எடுக்க முடியாது. பம்புகளைப் பூட்டி, சாவியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே இறங்குவோம். ஒருமுறை, எந்தக் கப்பல் என்று சொல்ல மாட்டேன், பூட்டியதாகச் சொன்ன பம்பு பூட்டப்படவில்லை. என் கூட்டாளியின் துடுப்புக்காலணி ஒன்று வலையில் ஒட்டி நின்றது. அவன் காலை உருவிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிரவு எங்களில் யாரும் பேசவில்லை.

ஆகவே அந்தத் தட்டையான அடியை எந்திரம் தேய்க்கட்டும். அதற்கு மனித உயிர் தேவையில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீ நினைப்பது சரி. கொட்டலசைச் சுரண்டினால் ஓடுதான் பெயரும். அடித்தட்டு வெள்ளை வட்டமாகப் பெயிண்டோடு ஒட்டியே இருக்கும். பொட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதே வட்டங்களைச் சுற்றித்தான் அடுத்த கூட்டம் வந்து ஒட்டும். இரண்டே மாதத்தில் மோசமானது என்கிறாயே, காரணம் அதுதான்.

---

கடலுயிர் ஆய்வாளர்

ஐயா கையால் கண்டறிந்ததை ஆய்வகமும் உறுதி செய்கிறது. கொட்டலசின் இளம்பருவப் புழு ஓர் இடத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்வதில்லை. தன் சிறு உணர்கொம்புகளால் மேற்பரப்பில் நடந்து நடந்து சோதிக்கும். தன் இனம் முன்பே அங்கு இருந்திருக்கிறது என்பதற்கான வேதித் தடயம் கிடைத்தால் ‘இது நல்ல இடம்’ என்று முடிவு செய்து, தலையைக் கீழே வைத்துப் பசையைச் சுரந்து, வாழ்நாள் முழுவதற்கும் ஒட்டிக்கொள்ளும். டார்வின் எட்டு ஆண்டுகளை இந்த உயிரினத்துக்கே செலவிட்டார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

எனவே அடித்தட்டு மிஞ்சியிருப்பது வரவேற்புப் பலகை வைத்ததற்குச் சமம். சளிப் பருவத்திலேயே துடைத்தால் அந்தத் தடயமே உருவாகாது. முளையிலேயே கிள்ளுவது என்று நாம் சொல்வதை இந்தத் தொழிலில் முன்கூட்டிய துப்புரவு என்கிறார்கள்.

ஆனால் எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

---

ரோபோ கட்டுநர்

நான் வேலை செய்யும் சிறு குழு கப்பலடி ரோபோ ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. வெளியே அழகான படங்களில் காட்டுவதைவிட இது கடினமான வேலை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், ஒட்டிக்கொண்டு நிற்பது. எஃகுக் கப்பலில் காந்தச் சக்கரம் வைக்கலாம். காந்தம் வலுவாக இருந்தால் சக்கரம் பெயிண்டை நசுக்கும், வலுக்குறைந்தால் நீரோட்டத்தில் பெயர்ந்து விழும். கப்பலின் பக்கவாட்டு அடியோடு வளைந்து சேருமிடத்தில் சக்கரம் ஒரு பக்கம் தூக்கும். இடைவெளி சில மில்லிமீட்டர் கூடினாலே காந்தப்பிடி பாதாளத்துக்கு இறங்கிவிடும். அலுமினியக் கப்பலுக்குக் காந்தமே உதவாது. அங்கே தண்ணீரைத் தள்ளும் விசிறிகளால் ரோபோவைச் சுவரோடு அழுத்தி நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, தான் எங்கே இருக்கிறோம் என்று ரோபோ அறிவது. தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணலாம் என்றால், துடைக்க வந்த அதே சளியில் சக்கரம் வழுக்குகிறது! ஆழத்தை அழுத்தமானி சொல்லும், திசையைச் சுழல்நோக்கி சொல்லும், மீதியைக் கேமராவும் ஒலியலைக் கருவியும் சேர்ந்து ஊகிக்க வேண்டும். எங்கள் முதல் முழுச் சோதனைக்குப் பிறகு காணொளியைப் பார்த்தபோது கப்பலடி வரிக்குதிரை மாதிரி இருந்தது. சுத்தமான பட்டை, அழுக்குப் பட்டை, மறுபடி சுத்தம். ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின்மேல் ஒரு கை அகலம் ஏறிப் போக வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

பற்றவைப்புக் கோடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தகடு சேரும் இடத்தில் மேடு இருக்கும். பிரஷ் அந்த மேட்டில் ஏறித் தாவும்போது மேட்டின் இருபுறமும் நூல் அகலத்துக்குத் துடைபடாமல் விட்டுப்போகும். உயிரினங்கள் அந்த நூலைக் கண்டுபிடித்துவிடுகின்றன. இன்றும் எங்களுக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை.

களத்தில் பல வழிகள் இருக்கின்றன. ஹல்வைப்பர் பிரஷ் இல்லாமல் கடல்நீரையே அழுத்தத்தில் பீய்ச்சி, கழிவை உறிஞ்சிக்கொள்கிறது. 2020இல் பெயிண்ட் நிறுவனமான ஜோட்டன் அறிமுகப்படுத்திய ஹல்ஸ்கேட்டர் காந்தச் சக்கரத்தில் ஓடுகிறது. அது கப்பலிலேயே தங்கியிருந்து, துறைமுகம் வரும்போதெல்லாம் இறங்கித் துடைத்துவிட்டு ஏறிக்கொள்ளும். ஷிப்ஷேவ் என்ற நார்வே நிறுவனத்தின் கருவி, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீரோட்டத்தின் விசையில் பக்கவாட்டைத் தேய்க்கிறது. என்னைக் கேட்டால், கப்பலிலேயே தங்கும் ரோபோதான் இந்த இழை கேட்கும் கேள்விக்குச் சரியான விடை. மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு சேவைக்காரரை அழைக்கும்வரை கொட்டலசு காத்திருக்காது.

---

பூச்சு ஆய்வாளர்

எல்லோரும் ரோபோவைப் பற்றியே பேசுகிறீர்கள். பெயிண்டைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

கப்பலடியில் இருக்கும் பாசித்தடுப்புப் பூச்சு மொத்தமே சில நூறு மைக்ரான் தடிமன். அதை ஐந்தாண்டு, அதாவது கப்பலைத் தண்ணீரைவிட்டு எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த உலர்துறை வரை, காப்பாற்ற வேண்டும். செம்பு கலந்த பூச்சு கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்து புதுப் பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்டது. கடினமான பிரஷை அதன்மேல் ஓட்டினால் தண்ணீரில் செம்மண் கரைத்ததுபோல ஒரு மேகம் எழும். அழுக்கு போகிறது என்று மகிழ்வார்கள். போவது அழுக்கு மட்டும் அல்ல, இரண்டாண்டுக்கு வேண்டிய பாதுகாப்பும்தான். இதற்காகவே நாங்கள் அடுத்தடுத்த பூச்சுகளுக்கு வேறு வேறு நிறம் கொடுக்கிறோம். மேல்நிறம் போய்க் கீழ்நிறம் தெரிந்தால் எங்கே தேய்ந்தது என்று உலர்துறையில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மேலே முக்குளிப்பாளர் ஐயா சொன்ன மூன்று பிரஷ் வண்டியின் வட்டத் தடங்களை நான் எத்தனையோ கப்பல்களில் பார்த்திருக்கிறேன்.

சிலிக்கோன் பூச்சு வேறு கதை. அதில் நஞ்சு இல்லை. உயிர்கள் பிடித்துக்கொள்ள முடியாத வழுவழுப்புதான் அதன் பலம். ஆனால் அது ரப்பரைப் போல மென்மை. தவறான பிரஷ் ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறலிலேயே பாசி வித்து வந்து உட்காரும்.

ஆகவே எந்தப் பூச்சு, எந்தப் பிரஷ், என்ன அழுத்தம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் ரோபோவை வாங்கும் பிரிவு ஒன்று, பெயிண்டைத் தேர்வு செய்யும் பிரிவு வேறொன்று. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

---

இயந்திர அறைவாசி

ஐயா, அப்படியானால் மென்மையான பிரஷால் அடிக்கடி துடைப்பது பூச்சைத் தின்றுவிடாதா?

---

பூச்சு ஆய்வாளர்

சளியை எடுக்க மிகக் குறைந்த விசை போதும். புளோரிடா தொழில்நுட்ப நிறுவனத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் ஆதரவோடு இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள். மென்மையாக, அடிக்கடி, வாரம் ஒருமுறைகூடத் துலக்கினால் பூச்சு நன்றாகவே தாங்குகிறது. பூச்சைக் கெடுப்பது கொட்டலசைப் பெயர்க்கும் விசைதான். பல் துலக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். காறை கட்டிய பிறகு உளியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

---

கடலுயிர் ஆய்வாளர்

நேற்று பாதியில் விட்டேன். இன்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இது எனக்கு உயிரான விஷயம்.

கப்பலடியில் ஒட்டியிருப்பது கப்பலுக்கு அழுக்கு. ஆனால் அது உயிருள்ள அழுக்கு. ஒரு கடலில் ஒட்டி, ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து, இன்னொரு கடலின் துறைமுகத்துக்குள் வருகிறது. அங்கே அதைச் சுரண்டித் தண்ணீரில் விட்டால் என்ன நடக்கும்? கீழே விழும் அதிர்ச்சியிலேயே பல உயிர்கள் முட்டையையும் புழுவையும் வெளிவிடுகின்றன. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து விதைக்கிறோம்.

1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறையில் கருங்கோட்டு மட்டி என்ற அயல்நாட்டு மட்டியைக் கண்டார்கள். ஏதோ ஒரு படகின் அடியில் ஒட்டி வந்திருக்கலாம் என்பதே கணிப்பு. அது பரவினால் முத்துச்சிப்பித் தொழிலே போய்விடும் என்று அஞ்சி, மூன்று படகுத்துறைகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். மட்டியை அழித்துவிட்டார்கள். உலகில் இப்படி வென்ற நிகழ்வுகள் மிக அரிது. அந்த வெற்றிக்காக அந்தத் துறைகளுக்குள் இருந்த மற்ற உயிர்களையும் சேர்த்தே கொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நஞ்சைப் பற்றி. டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் ஒருகாலத்தில் மிகச் சிறந்த பாசித்தடுப்புப் பெயிண்ட். பிரான்சின் அர்க்காஷோன் வளைகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணிப்போயிற்று. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனமே பெருகாமல் நின்றது. 2001இல் உலக ஒப்பந்தம் போட்டு, 2008இல் அது நடைமுறைக்கு வந்து, டிபிடி ஒழிந்தது. 2023 தொடக்கத்தில் சைபுட்ரின் என்ற இன்னொரு நஞ்சும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. புகையைக் குறைக்கிறோம் என்று கிளம்பி, செம்பையும் பிளாஸ்டிக் துகளையும் துறைமுகத்தில் கொட்டினால் அதைப் பசுமை என்று என்னால் சொல்ல முடியாது.

என் கோரிக்கை ஒன்றுதான். எடுப்பதைப் பிடியுங்கள். துறைமுகத்துக்குள் பெயர்க்கும் எதுவும் தண்ணீரில் விழக்கூடாது. உறிஞ்சி, வடிகட்டி, கரையில் சேர்க்க வேண்டும். பிம்கோ என்ற கப்பல் உரிமையாளர் அமைப்பு 2021இல் வெளியிட்ட தரநிலை, பெயர்த்ததில் குறைந்தது 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் வடிகட்டியின் கண்ணளவைக் கேட்க மறக்காதீர்கள். கொட்டலசுப் புழு ஓரளவு பெரிய கண்ணுள்ள வலையிலேயே சிக்கும். பச்சைப்பாசியின் வித்து பத்து மைக்ரானுக்கும் சிறியது. கரைந்த செம்போ எந்த வலையிலும் சிக்காது, அதற்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 ஜூலையில் திருத்திய வழிகாட்டி 0 முதல் 4 வரை ஒட்டுநிலைக்கு மதிப்பெண் தருகிறது. 1 என்றால் வெறும் சளி. 2 தொடங்கிக் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள். சளி நிலையில் துடைப்பதையே அது ஊக்குவிக்கிறது. 2ஐ எட்டினால் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். இது வழிகாட்டிதான், சட்டம் அல்ல. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை உருவாக்க 2025 ஏப்ரலில் முடிவெடுத்திருக்கிறார்கள். அது சீக்கிரம் வர வேண்டும்.

---

ரோபோ கட்டுநர்

அக்கா, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் சொல்கிறேன். பிடிக்கும் வசதி சேர்த்தால் தடித்த குழாய், பம்பு, வடிகட்டிப் படகு எல்லாம் கூடவே வர வேண்டும். கப்பலிலேயே தங்கும் சிறு ரோபோவில் அது முடியாது. அதனால்தான் சளி நிலையிலேயே நிறுத்துவது இரட்டிப்பு முக்கியம். சளியில் பெரும்பாலும் அந்த இடத்து நுண்ணுயிர்களே இருக்கும், மட்டி இருக்காது. நீங்கள் இதை ஏற்பீர்களா?

---

கடலுயிர் ஆய்வாளர்

பாதி ஏற்கிறேன் தம்பி. புறப்படும் துறைமுகத்தில், அங்கேயே படிந்த சளியைத் துடைத்தால் மறுப்பில்லை. வந்து சேர்ந்த துறைமுகத்தில் துடைத்தால் அந்தச் சளி முந்தைய துறைமுகத்தின் விருந்தாளி. அதற்குள் என்ன வித்து ஒளிந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

---

வாடகைப் பிரிவு

நான் கரையில், கப்பல்களை வாடகைக்கு விடும் பக்கத்தில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவான லாபம் இருந்தும் ஏன் எல்லோரும் துடைப்பதில்லை என்று கேட்டால், விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

காலவாடகையில் கப்பல் போனால் எரிபொருள் செலவு வாடகைக்கு எடுத்தவருடையது. பெயிண்டும் துப்புரவும் உரிமையாளருடையது. துடைக்கச் செலவழிப்பவர் ஒருவர், அதனால் மிச்சம் காண்பவர் இன்னொருவர். கப்பலை இருபத்தாறு நாள் நங்கூரத்தில் நிறுத்திவைத்தது வாடகைதாரரின் சரக்குத் தாமதம். அதனால் ஒட்டிய கொட்டலசுக்கு யார் பொறுப்பு? இத்தனை நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் துப்புரவு வாடகைதாரர் செலவு என்று ஒரு பிரிவைச் சேர்ப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. அப்படியும் வேகம் குறைந்தது வானிலையாலா, இயந்திரத்தாலா, ஒட்டியதாலா என்று கடிதப் போர் ஓயாது. கப்பலடியின் செயல்திறனை எப்படி அளப்பது என்று 2016இல் ஐஎஸ்ஓ 19030 வந்த பிறகு பேச ஒரு பொது அளவுகோலாவது கிடைத்தது.

நிலைமை மாறுகிறது. 2023 முதல் ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஆண்டுதோறும் ஏ முதல் ஈ வரை கார்பன் தரம் போடுகிறார்கள். மூன்றாண்டு தொடர்ந்து டி வாங்கினாலோ ஓராண்டு ஈ வாங்கினாலோ திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். 2024 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் கார்பனுக்குக் கட்டணமும் கட்டுகின்றன. சளி இப்போது உரிமையாளரின் கணக்கிலும் ஏறிவிட்டது.

இன்னொன்று. அழுக்கான அடியோடு போனால் சில நாடுகள் உள்ளேயே விடுவதில்லை. நியூசிலாந்து 2018 மே முதல் சுத்தமான அடியைக் கட்டாயமாக்கியது. 2022 இறுதியில் ஒரு பயணிகள் கப்பல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் துறைமுகத்துக்குத் துறைமுகம் நுழைய முடியாமல், வெளிக்கடலில் முக்குளிப்பவர்களை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. பயணிகளுக்குப் புத்தாண்டு கடலிலேயே விடிந்தது.

---

பழைய முக்குளிப்பாளர்

எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரோபோ தேய்ப்பது தட்டையான இடத்தை. சீ செஸ்ட் வலை, சுக்கானின் இடுக்கு, முன்விசிறியின் குழாய், புரொப்பெல்லர் தண்டின் கயிறுவெட்டி, இவற்றுக்குள் எந்த ரோபோ போகும்? உயிர்கள் நீரோட்டம் படாத அந்த மூலைகளில்தான் குடும்பம் நடத்தும். சீ செஸ்டுக்குள் நண்டைப் பார்த்திருக்கிறேன், மீன் குஞ்சைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டைக் கண்ணாடியாகத் துலக்கிவிட்டு இதை விட்டால் எண்ணெய் மிச்சமாகும், கடலுயிர் ஆய்வாளர் அம்மா அஞ்சுகிற விருந்தாளி அப்படியே பயணம் செய்வான்.

---

கப்பல் கட்டுமான மாணவி

ஐயா சொல்வது மிகச் சரி. உலகக் கப்பல்களின் நனையும் பரப்பில் இப்படிப்பட்ட இடுக்குகள் மட்டும் ஏறத்தாழ பத்து சதவீதம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். வரையும்போதே வலைகளைக் கீல் வைத்துத் திறக்கும்படியும், விளிம்புகளை உருண்டையாகவும் அமைத்தால் கப்பல் வாழ்நாள் முழுவதும் பயன் தரும். என் திட்டப்பணிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. நன்றி ஐயா.

---

இயந்திர அறைவாசி

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதைத் தொகுத்து அலுவலகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். பூச்சுப் பிரிவையும் கூட்டத்தில் உட்கார வைக்கச் சொன்னேன். பிடிக்கும் வசதியில்லாத சேவையைத் துறைமுகத்துக்குள் எடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் மறுபடியும் நங்கூரத்தில் கிடக்கிறோம். இம்முறை நீர்ப்புகாத கேமரா ஒன்றைக் கயிற்றில் கட்டி, மாலுமிகளின் மேஸ்திரியான சாரங்கின் உதவியோடு மூன்று நாளுக்கு ஒருமுறை பக்கவாட்டில் இறக்கிப் படம் எடுக்கிறேன். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் பெயிண்டின் பளபளப்பு மங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் பழுப்புச் சளி, கேமரா உரசிய இடத்தில் கோடு விழும் அளவுக்கு. பன்னிரண்டாம் நாள் எடுத்த படத்தில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் நாம் பேசிக்கொண்டிருந்த அந்த வாசல் மூடியிருக்கிறது. நான்கு படங்களையும் தேதியோடு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

---

பழைய முக்குளிப்பாளர்

நான்கு புள்ளியும் எங்கே இருக்கின்றன தம்பி?

---

இயந்திர அறைவாசி

மூன்று புள்ளிகள் மேலே இருக்கும் சீ செஸ்டின் வலையில், அதன் கீழ் ஓரத்தில். நான்காவது பற்றவைப்புக் கோட்டை ஒட்டி, ஐயா.